வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒன்றுக்கு 6 வயது, இன்னொன்றுக்கு 13 மாதம். நடுவில் மரவேலை எப்படிச் செய்கிறீர்கள்?

மாடித்தச்சன் (தருமபுரி):

வணக்கம். ஒட்டப்பட்டிப் பக்கம் வாடகை வீடு, முதல் மாடி. மேலே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் எனக்கென்று ஒரு மூலை உண்டு. ஓர் இழைப்புளி, இரண்டு உளி, ஒரு கைவாள், அப்புறம் மர பிளேடு மாட்டிய ஏஜி ஃபோர், அதாவது கையில் பிடிக்கும் நாலங்குல ஆங்கிள் கிரைண்டர். சொத்து அவ்வளவுதான். ஆபீஸில் நாள் முழுக்கக் கணக்குப் பார்த்துவிட்டு வந்தால் அங்கேதான் மூச்சு வருகிறது.

பையன் சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்துவிட்டான். நடைவண்டி நானே செய்து தர வேண்டும் என்று ஆசை. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் நண்பர் பேலட் கட்டைகள், அதாவது சரக்கு அடுக்கும் மரத் தட்டின் கட்டைகள், தருகிறேன் என்கிறார். பைன் மரம், காசு வேண்டாம்.

வீட்டில் நிபந்தனைகள் பலமாக இருக்கின்றன. தூள் கீழே சமையலறைக்கு வரக் கூடாது, பையன் கைக்கு எட்டும் இடத்தில் ஆணி கிடக்கக் கூடாது, சத்தத்துக்கு ஓனர் மேலே ஏறி வரக் கூடாது. எல்லாம் நியாயம்தான். ஒன்றாக நடக்குமா என்பதுதான் கேள்வி. இதில் பெண் வேறு "நானும் ஆணி அடிக்கிறேன்" என்று பக்கத்திலேயே நிற்கிறாள். 6 வயதுப் பிள்ளை கையில் எதைக் கொடுக்கலாம்? வண்டிக்கு என்ன பூசலாம்? முதல் நாளே அவன் கைப்பிடியைக் கடிக்கப் போகிறான், அதில் சந்தேகமே இல்லை.

சும்மா ஒருத்தன் (அரூர்):

நடைவண்டி கடையிலேயே கிடைக்கிறதே பாஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

மாடித்தச்சன்:

ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்கத்தானே வழி தேடுகிறேன்!

கொட்டாய்ப் பட்டறை (காவேரிப்பட்டணம்):

தம்பி, எனக்கும் இரண்டு. பெரியவளுக்கு 9, சின்னவனுக்கு 4. மாடு விற்ற பிறகு காலியாகக் கிடந்த கொட்டாயில்தான் என் மரவேலை. "பொம்பளைக்கு எதுக்கு இழைப்புளி" என்று கேட்ட அதே வாய்கள் இப்போது அருவாமனைக்குக் கட்டை போட்டுத் தரச் சொல்லி வருகின்றன. அந்தக் கதை கிடக்கட்டும்.

முதல் வேலையாக அந்த ஏஜி ஃபோரை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கல்லையும் இரும்பையும் தேய்க்கச் செய்த மெஷின் அது. மர பிளேடு மாட்டினால் பல் மரத்தில் சிக்கிக் கையை உதறிக்கொண்டு திரும்பி வரும். நம் பக்கம் எல்லோரும் அப்படித்தான் அறுக்கிறார்கள் என்று சொல்வீர்கள். அவர்கள் விரல்களையும் ஒரு தடவை பாருங்கள். நடந்து பழகும் பிள்ளை இருக்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை. அது போய்விட்டால் ஓனர் பிரச்சினை பாதி தீரும், தூள் பிரச்சினை முக்கால்வாசி தீரும்.

ஏன் என்றால், இழைப்புளி தூள் தள்ளாது, சுருள்தான் தள்ளும். சுருளைத் துடைப்பத்தால் கூட்டிச் சாக்கில் போட்டுவிடலாம், வெந்நீர் அடுப்புக்கு ஆகும். மெஷினும் உப்புத்தாளும் கிளப்பும் நைசான தூள்தான் காற்றில் மிதந்து படியிறங்கி உங்கள் சமையலறைக்குப் போகிறது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு வைத்திருக்கிறது. ஆயுசு முழுக்கப் பட்டறையில் மூச்சு விட்டவர்களைப் பார்த்துச் சொன்னது அது, வார இறுதி வேலைக்காரர் பயந்து ஓட வேண்டாம். ஆனால் பச்சைப் பிள்ளை மூக்குக்கு எதற்கு? உப்புத்தாள் வேலையை மாடியில் காற்று போகும் திசை பார்த்து உட்கார்ந்து, முகத்தில் மாஸ்க்கோடு முடியுங்கள். சட்டையை மாடியிலேயே உதறி மாற்றிவிட்டு வந்து பையனைத் தூக்குங்கள்.

நேரம் விஷயத்தில் பலரும் சொல்வது, குழந்தை தூங்கும்போது செய் என்பது. நான் அதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். உளி, இழைப்புளி, தீட்டுக்கல், அதாவது கூர் உள்ளது எல்லாம் பிள்ளைகள் தூங்கும்போது. அவை சத்தமும் போடாது. சுத்தியல், உப்புத்தாள், அளப்பது, கோடு போடுவது எல்லாம் பெரியவள் விழித்திருக்கும்போது, அவளோடு சேர்ந்து. இந்தப் பிரிவினையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன், எங்கள் கொட்டாயில் அதுதான் சட்டம்.

இனி உங்கள் பெண். தயவு செய்து பிளாஸ்டிக் சுத்தியல் வாங்கித் தராதீர்கள். இரண்டு நிமிடத்தில் அது பொய் என்று கண்டுபிடித்துத் தூக்கிப் போடுவாள். 200 கிராம் நிஜச் சுத்தியல் வாங்குங்கள். ஒரு முருங்கைக் கட்டை கிடைக்கிறதா பாருங்கள். வெட்டிப் போட்ட முருங்கை யாருக்கும் வேண்டாம், கேட்டால் தூக்கிக்கொண்டு போகச் சொல்வார்கள். அதைவிடப் பூப்போன்ற மரம் கிடையாது, 6 வயதுக் கையால் அடித்தாலும் ஆணி இறங்கும். ஆணியை விரலால் பிடிக்க விடாதீர்கள், துணி மாட்டும் கிளிப்பால் கவ்விப் பிடிக்கச் சொல்லுங்கள். என் பெரியவள் அப்படித்தான் பழகினாள். அவள் அந்தக் கட்டை முழுக்க ஆணி அடித்து முள்ளம்பன்றி ஆக்கிய பிறகுதான் அடுத்த வேலையைக் கேட்டாள்.

உப்புத்தாள் கொடுத்து "நல்லாத் தேய்" என்றால் எந்தப் பிள்ளையும் தேய்க்காது. பலகை மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கிறுக்கிக் கொடுத்து, கோடு மறையும்வரை தேய்க்கச் சொல்லுங்கள். சொரசொரப்பான 80 நம்பர் தாளில் ஒரு தடவை, திரும்பக் கிறுக்கி 120-இல் ஒரு தடவை, கடைசியில் நைசான 220. எப்போது முடிந்தது என்று அவளுக்கே தெரியும், உங்களை நூறு கேள்வி கேட்க மாட்டாள். அவளுக்கும் மாஸ்க் உண்டு.

வாள் கொடுக்கலாமா என்றால் கொடுக்கலாம். சின்ன வாள், கட்டை சி கிளாம்பில் (திருகி இறுக்கும் இரும்புப் பிடி) இறுகியிருக்க வேண்டும், அவளுடைய இரண்டு கையும் வாளின் பிடியிலேயே இருக்க வேண்டும். இரண்டு கையும் பிடியில் இருந்தால் பல்லுக்கு முன்னால் வைக்க மூன்றாவது கை கிடையாதே. கையால் சுற்றும் ஹேண்ட் டிரில் கிடைத்தால் விடாதீர்கள், பிள்ளைகளுக்கு அதன் மேல் ஒரு மயக்கம். உளி மட்டும் வேண்டாம். என் 9 வயதுக்காரிக்கே இந்த வருஷம்தான், அதுவும் நான் எதிரில் உட்கார்ந்திருந்தால்தான்.

கருவிகளைச் சுவரில் அழகாக மாட்டி வைக்கும் படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய டிரங்குப் பெட்டி, ஒரு பூட்டு, சாவி இடுப்பில். வேலை முடிந்ததும் பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் கயிறு கட்டித் தரை முழுக்க இழுக்கச் சொல்லுங்கள். விழுந்த ஆணி, திருகு, இழைப்புளியில் தெறித்த இரும்புத் துணுக்கு எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு அடிதடி. சின்னவன்தான் ஜெயிப்பான்.

பூசுவதற்கு யாராவது தேங்காய் எண்ணெய் என்பார்கள். அது காயவே காயாது, கொஞ்ச நாளில் சிக்கு நாற்றம் அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் காய்ந்து இறுகும். ஆனால் கடையில் "பாயில்டு" என்று விற்பதில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் கலந்திருப்பார்கள். கடிக்கிற பையனுக்கு அது வேண்டாம். கலப்பில்லாததை மெல்லிசாகப் பூசிப் பொறுமையாகக் காயவிட்டு, மேலே தேன்மெழுகு தேயுங்கள். ஒன்றுமே பூசாமல் வழவழப்பாக விட்டாலும் குற்றமில்லை. இன்னொன்று, எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது சூடாகித் தானே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போடுங்கள், காய்ந்ததும் குப்பைக்கு.

சிப்காட் ஷிப்ட் (ஓசூர்):

அக்கா எல்லாம் சொல்லிவிட்டார்கள். பேலட் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், பேக்கிங் பிரிவில்தான் இருக்கிறேன்.

வெளிநாட்டுக்குப் போய்வரும் கட்டையில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை சுட்டிருக்கும். அதில் ஹெச்.டி. என்று இருந்தால் சூடாக்கிப் பூச்சி கொன்றது. கட்டையின் நடுப்பகுதியே 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. எம்.பி. என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, அதைத் தொடவே வேண்டாம். முத்திரையே இல்லாவிட்டால் அது எங்கே இருந்தது, என்ன சுமந்தது என்று யாருக்கும் தெரியாது. அதையும் விடுங்கள்.

ஹெச்.டி. என்றாலும் மரம் சுத்தம் என்று அர்த்தமில்லை, பூச்சி இல்லை என்றுதான் அர்த்தம். எங்கள் யார்டில் கட்டிங் ஆயில் (இரும்பு வெட்டும் மெஷினில் ஊற்றும் எண்ணெய்) குடித்த பேலட் எத்தனையோ கிடக்கும். கறை பட்டதையும் நாற்றம் அடிப்பதையும் ஒதுக்கிவிட்டு வெள்ளையாக இருப்பதை மட்டும் நண்பரிடம் கேளுங்கள். அதில் அடித்திருப்பது முறுக்கு ஆணி, பிடுங்கினால் தலை மட்டும் வரும், உடம்பு உள்ளேயே நிற்கும். ஆணி இருக்கும் இரண்டு முனையையும் அறுத்துத் தள்ளிவிட்டு நடுப்பலகையை மட்டும் எடுங்கள். இழைப்புளித் தகடு தப்பிக்கும்.

பாலக்கோட்டான்:

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இதுதான் தொழில். எனவே கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

பைன் மரம் சட்டத்துக்குச் சரி, சக்கரத்துக்குச் சரிப்படாது, மெத்து. நம் ஊரில் மா கிடைக்காத இடமா? தோப்பில் காய்ப்பு நின்ற மரங்களை வெட்டி சாமில்லில் போட்டிருப்பார்கள். ஆனால் மா பலகையில் மாவுச்சத்து அதிகம், உளு ஏறும். அடியில் மாவு மாதிரி கொட்டிக் கிடந்தால், மேலே குண்டூசி ஓட்டை தெரிந்தால் காசு கொடுக்காதீர்கள். நன்றாகக் காய்ந்த பலகையாகக் கேட்டு வாங்குங்கள்.

சக்கரத்தை மரக்கிளையிலிருந்து வட்ட வட்டமாக அறுத்து எடுக்கும் வீடியோக்களை நம்பாதீர்கள். நம் தருமபுரி வெயிலுக்கு ஒரே கோடையில் நடுவிலிருந்து விளிம்புவரை வெடித்துவிடும். பலகையிலிருந்து வெட்டுங்கள். முடிந்தால் கடைசல் பட்டறையில் கொடுத்து மூன்று சக்கரத்தையும் ஒரே அளவில் கடைந்து வாங்குங்கள்.

முக்கியமானது இது: சக்கரம் சுலபமாக ஓடக் கூடாது. எண்ணெய் போட்டது மாதிரி ஓடினால் வண்டி முன்னால் போகும், பையன் மூக்கு தரையில் இருக்கும். அச்சுத் துளையை இறுக்கமாக வையுங்கள். பழைய சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கிச் சக்கரத்தின் மேல் இழுத்து மாட்டுங்கள். டைல்ஸ் தரையில் வழுக்காது, கடகடவென்று சத்தமும் வராது, கீழ் வீட்டு ஓனரும் தூங்குவார். மூட்டுகளுக்கு ஆணி வேண்டாம், பசையும் மரமுளையும் போதும். அழகுக்கு மணி, குண்டு என்று எதுவும் தொங்கவிடாதீர்கள். 3 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையிடம் 3.17 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் போகிற எந்தச் சாமானும் இருக்கக் கூடாது என்பது பொம்மைகளுக்கான பாதுகாப்பு அளவு.

அக்காவிடம் ஒரு சின்ன வாதம். கிளாம்ப் நல்லதுதான், ஆனால் தரையில் உட்கார்ந்து கால் பெருவிரலால் கட்டையைப் பிடித்து இழைப்பதுதான் எங்கள் பழக்கம், வேகம் வரும். பிள்ளைகள் அதைப் பார்த்து அப்படியே செய்யும், அதனால் அவர்கள் எதிரில் நானும் கிளாம்ப்தான் போடுகிறேன். பெரியவர் தனியாக இருக்கும்போது கேட்பார் யார்?

கொட்டாய்ப் பட்டறை:

சரிங்க அண்ணா, ஒப்புக்கொள்கிறேன். மரம் பேச்சு வந்ததால் இரண்டு எச்சரிக்கை. இடித்த வீட்டுக் கதவு, ஜன்னல் பலகை மலிவாகக் கிடைக்கும், மரமும் நல்ல மரமாக இருக்கும். ஆனால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அடக்க வேண்டும் என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சுரண்டவும் கூடாது, தேய்க்கவும் கூடாது. அடுத்தது, பிள்ளைகள் குச்சி சீவ ஆரம்பித்தால் கண்டதையெல்லாம் ஒடித்துக்கொண்டு வருவார்கள். அரளிக் குச்சி நேராக, சீவ லட்சணமாக இருக்கும். இலையிலிருந்து கட்டைவரை அத்தனையும் விஷம். எங்கள் பிள்ளைகளுக்கு மரம் அடையாளம் சொல்லிக் கொடுத்தது அரளியில் தொடங்கித்தான்.

சும்மா ஒருத்தன் (அரூர்):

டாக்டர்கள் வாக்கரே கூடாது என்கிறார்களே? வெளிநாட்டில் தடை என்று படித்தேன்.

பாலக்கோட்டான்:

அது உட்கார வைத்துக் காலால் உந்தும் பிளாஸ்டிக் வாக்கர் தம்பி. கனடாவில் 2004-லேயே தடை செய்தார்கள். நடைவண்டி அப்படி இல்லை, பிள்ளை தானாக எழுந்து நின்று பிடித்துத் தள்ளுவது. நிற்கத் தெரியாத பிள்ளையை அதில் மாட்டிவிட முடியாது. படிக்கட்டு உள்ள மாடியில் மட்டும் எதை உருட்டவும் விடாதீர்கள்.

மாடித்தச்சன்:

எல்லோருக்கும் நன்றி. ஏஜி ஃபோரை மச்சானுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன், அவர் கேட் வெல்டிங் வேலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். முருங்கைக் கட்டையும் வந்துவிட்டது. பெண்ணுக்குத் துணி கிளிப் விஷயம் பிடித்துப்போய், கொடியில் இப்போது கிளிப் பஞ்சம். கடைசியாக ஒன்று: கைப்பிடி எவ்வளவு உயரம்?

கொட்டாய்ப் பட்டறை:

கணக்குப் புத்தகத்தில் தேடாதீர்கள். பையனைச் சுவரோரம் நிறுத்தி, நெஞ்சுக்குச் சற்றுக் கீழே பென்சிலால் ஒரு கோடு. அதுதான் உயரம். அதைவிட மேலே போனால் தொங்குவான், கீழே போனால் குனிந்து விழுவான். மாசத்துக்கு மாசம் வளர்கிற வயசு, அதனால் கைப்பிடிக் கம்பு நிற்கும் இரண்டு கால்களிலும் ஓரங்குல இடைவெளியில் மூன்று துளை போட்டு வையுங்கள், கம்பை ஏற்றி ஏற்றி மாட்டலாம். அந்தத் துளைகளை ஹேண்ட் டிரில்லில் உங்கள் பெண்ணே போடட்டும். சுவர்க் கோட்டை மட்டும் ஓனர் வருவதற்குள் அழித்துவிடுங்கள்.