எஞ்சினை இறக்கியிருக்கும்போது ஹெட் கேஸ்கட்டையும் மாற்றலாமா? என் அனுபவம்

கிளட்ச் வேலைக்காகவோ, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் ஒழுகுவதாலோ எஞ்சினை இறக்கிவிட்டால், "இவ்வளவு கழற்றியாகிவிட்டது, ஹெட் கேஸ்கட்டையும் மாற்றிவிடலாமே" என்று பக்கத்தில் இருப்பவர் யாராவது சொல்லத்தான் செய்வார். சிலிண்டர்களை மூடும் ஹெட்டுக்கும், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். நான் ஒரு எஞ்சினில் அதற்கு உடன்பட்டு ஹெட்டைத் திறந்தேன். இன்னொன்றில் தொடாமல் விட்டேன். இரண்டும் சரியான முடிவுகள் என்றே இன்றும் நினைக்கிறேன். காரணங்கள் வெவ்வேறானவை என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

திறந்தது, சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் பாக்ஸர் எஞ்சின். அதில் ஹெட் வண்டியின் பக்கச் சட்டத்தை ஒட்டி இருப்பதால், எஞ்சின் உள்ளே இருக்கும்போது ஹெட் போல்ட்டுகளை உருவவே இடம் போதாது. மேலும், ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டின் கீழ் விளிம்பு எப்போதும் தரையைப் பார்த்தே இருக்கிறது. எஞ்சின் ஓடாதபோதும் ஆயிலும் கூலன்ட்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அங்கேதான் தேங்கி நிற்கும். என் வண்டியில் ரிசர்வ் டேங்கில் கூலன்ட்டின் மட்டம் மெல்ல மெல்லக் குறைந்துவந்தது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. வண்டியை நிறுத்தியதும் லேசான இனிப்பு வாடை மட்டும் வரும், ஏனென்றால் கசிந்தது சூடான எக்ஸாஸ்ட் குழாயில் பட்டு ஆவியாகிக்கொண்டிருந்தது. எஞ்சினை ஸ்டாண்டில் ஏற்றித் துடைத்தபோது, அந்தக் கீழ் விளிம்பு நெடுகக் காய்ந்த கூலன்ட்டின் பச்சைப் பொருக்கு படிந்திருந்தது. கழற்றிய பழைய கேஸ்கட்டில் தண்ணீர் துவாரத்திலிருந்து வெளி ஓரம் வரை மேல்பூச்சு உரிந்து, கறுத்த தடம் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இங்கே யோசிக்க ஒன்றுமில்லை: கசிவுக்குச் சான்று இருந்தது, பிறகு செய்வதானால் எஞ்சினை மறுபடியும் இறக்கியே ஆக வேண்டும்.

தொடாமல் விட்டது, நான்கு சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும் எஞ்சின். இந்த வகையைப் பற்றிப் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு: பெரும்பாலான வண்டிகளில், எஞ்சின் உள்ளேயே இருக்க, மேலிருந்து ஹெட்டை மட்டும் கழற்றிவிட முடியும். ஆகவே "எஞ்சின் வெளியே இருக்கிறதே" என்ற வாதம் இங்கே மிச்சப்படுத்தும் உழைப்பு சொற்பம். பின்னாளில் கேஸ்கட் போனாலும் எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

அப்போதும் சோதிக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. எஞ்சின் ஓடினால்தான் செய்ய முடிகிற சோதனைகள் சில இருப்பதால், இறக்குவதற்கு முன்பே அவற்றை முடித்துவிட வேண்டும். ரேடியேட்டர் வாயில் பொருத்தும் குழாயில் நீலத் திரவம் ஊற்றி, சூடான எஞ்சினிலிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுக்கும்போது நிறம் மஞ்சளாக மாறினால், எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது என்று பொருள். எனக்கு நீலம் நீலமாகவே இருந்தது. பிறகு ஸ்டாண்டில் வைத்து, ஒவ்வொரு பிஸ்டனையும் வால்வுகள் இரண்டும் மூடிய மேல்நிலைக்குக் கொண்டுவந்து, ஸ்பார்க் பிளக் துவாரம் வழியே காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தேன். காற்று ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங், எக்ஸாஸ்ட் துவாரத்தில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, தண்ணீர் நிரப்பிய கூலன்ட் பாதையில் குமிழிட்டால் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல் என்று ஐயப்பட வேண்டும். குமிழ் ஒன்றுகூட எழவில்லை; நான்கு சிலிண்டர்களிலும் காற்று கசியும் அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. அந்த எஞ்சின் ஒருபோதும் அளவுமீறிச் சூடானதும் இல்லை. நன்றாக இருக்கும் இணைப்பைக் குலைப்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு, உடன் வேலை செய்த ஒருவருக்கு நேர்ந்தது முக்கியக் காரணம். கசிவே இல்லாத ஹெட்டைக் கழற்றி, பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்து, மட்டம் பார்க்காமல் புதியதைப் போட்டுப் பூட்டினார். சில மாதங்களில், முன்பு காய்ந்து கிடந்த மூலையிலிருந்து கூலன்ட் வழியத் தொடங்கியது. திறப்பதென்று முடிவெடுத்தால் வேலையை முழுமையாகச் செய்ய வேண்டும். நேர்ச்சட்டத்தை ஹெட்டின் மீது நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) பார்க்க வேண்டும். பல எஞ்சின்களில் 0.05 மி.மீ. தகடு நுழைந்தாலே ஃபேஸிங் (இயந்திரத்தில் முகத்தைச் சீவி மட்டமாக்குவது) தேவைப்படும். உங்கள் எஞ்சினுக்கு உரிய வரம்பைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். என் பாக்ஸர் எஞ்சினின் ஒரு ஹெட்டில் இரண்டு எரிஅறைகளுக்கு நடுவே அந்தத் தகடு நுழைந்தது. பல அடுக்கு எஃகு கேஸ்கட் போடுவதானால் மேற்பரப்பு மிகவும் வழவழப்பாக இருப்பது அவசியம், அதைக் கையால் தேய்த்துக் கொண்டுவர முடியாது.

பிளாக்கின் முகத்தைச் சுத்தம் செய்யத் தேய்ப்புச் சக்கரத்தை ஓட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதிலிருந்து உதிரும் நுண்துகள் ஆயிலில் கலந்து பேரிங்குகளை அரித்துவிடும். போல்ட் துளைகளின் அடியில் ஆயிலோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால், முறுக்கும்போது அழுத்தம் தாங்காமல் பிளாக்கிலேயே விரிசல் விழக்கூடும். குறிப்பிட்ட கோணம் வரை முறுக்கி இழுவிசை ஏற்றும் போல்ட்டுகளில் பெரும்பாலானவை ஒருமுறைக்கு மட்டுமே உரியவை, ஆகவே கேஸ்கட்டுடன் புதிய போல்ட்டுகளும் சேர்ந்து வர வேண்டும்.

கசிவே தெரியாத பழைய பாக்ஸர் எஞ்சின்தான் உண்மையில் குழப்பம் தருவது. ஒற்றை அடுக்குக் கேஸ்கட், வயது பத்துப் பதினைந்து ஆண்டு, லேத் பட்டறையில் ஹெட்டை ஃபேஸிங் செய்யவும் வழி இருக்கிறது என்றால் நான் மாற்றிவிடுவேன். ஃபேஸிங் செய்ய வழியில்லை என்றால், காற்றழுத்தச் சோதனையில் குறை எதுவும் தெரியாதவரை திறக்காமலே வைப்பேன்.

ஹெட்டைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், தெர்மோஸ்டாட் ஆகியவற்றையும், பிளாக்கின் பின்புறத்துக் கோர் பிளக்குகளையும் (கூலன்ட் பாதையின் துளைகளை அடைக்கும் உலோக மூடிகள்) இப்போதே பார்த்துவிடுங்கள். கோர் பிளக்கின் ஓரத்தில் துரு வடிந்த கோடு தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸ் சேர்ந்தபின் அங்கே கை நுழையாது.