கேபிள் குளிர்ந்தபோது: கடலடிக் கண்காணிப்பு அனுபவங்கள்

கடலில் நிற்கும் காற்றாலைகளிலிருந்து கரைக்கு மின்சாரம் கொண்டுவரும் கேபிளைக் கண்காணிப்பது என் வேலை. அந்தக் கேபிளுக்குள்ளேயே ஓர் ஒளியிழை ஓடுகிறது. கரையிலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பினால், வழிநெடுகச் சிதறித் திரும்பும் ஒளியைக் கொண்டு எந்த இடத்தில் எவ்வளவு வெப்பம் என்று மீட்டர் கணக்கில் படித்துவிடலாம். கடலுக்குள் தனியாகச் சென்சார் எதுவும் இல்லை, இழைதான் சென்சார்.

சூடுதான் ஆபத்து என்று சொல்லிக் கொடுத்தார்கள். கேபிள்மேல் மணல் குவிந்தால் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளிருக்கும் மின்காப்பு உறை கெட்டுப்போகும். எனவே திரையில் சிவப்பைத் தேடியே கண் பழகிவிட்டது. ஒரு புயலுக்குப் பிறகு, 14ஆவது கிலோமீட்டரில் ஏறக்குறைய 60 மீட்டர் நீளத்துக்கு வரைகோடு கீழே இறங்கியிருந்தது. மின்சுமை குறையவில்லை. இருபுறமும் பழைய வெப்பம்தான். "குளிர்ந்தால் நல்லதுதானே" என்றார் உடன் இருந்தவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஷிப்டு முடிந்து படுத்த பிறகுதான் உறைத்தது: போர்வை விலகியிருக்கிறது. மேலே கிடந்த மணலைக் கடல் வாரிக்கொண்டு போய்விட்டது.

வெப்பத்தைப் போலவே அதிர்வையும் இழையால் உணர முடியும். மறுநாள் அந்த அதிர்வுப் பதிவை எடுத்துப் பார்த்தேன். அதே இடத்தில் மெல்லிய துடிப்பு ஒன்று, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வலுத்து அடங்கியது. ஓதம் ஏறும்போதும் வடியும்போதும் நீரோட்டம் வேகமெடுக்கும் நேரங்களோடு அது அப்படியே பொருந்தியது. அடிமண் அரித்துப்போன கேபிள், நீரோட்டத்தில் வீணைத் தந்திபோல் அதிரும். நீர்மூழ்கி ரோபோவை இறக்கினோம். இரண்டு மணல் மேடுகளுக்கு நடுவே கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. தார் பூசிய மேலுறை ஒரு பக்கம் தேய்ந்து, கவசக் கம்பிகள் விளக்கொளியில் மினுங்கின. கல் கொட்டி மூடினோம். குளிர்வதற்கும் ஓர் அலாரம் வேண்டும் என்று அன்றே எழுதிக் கொடுத்தேன்.

*

மேலே எழுதியவர் மின்கேபிள்; நான் தகவல் தொடர்புக் கேபிள். எங்களுக்கு எமன் நங்கூரம்தான். உலகெங்கும் ஆண்டுக்கு 150 முதல் 200 பழுதுகள் வரை நேர்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு மீன்பிடிப்பும் நங்கூரமுமே காரணம். இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடுவதால், 50 கி.மீ. போய்த் திரும்ப அரை மில்லி விநாடி போதும். நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் லேசர் துடிப்பால் கேபிளைத் தொட்டுப் பார்த்து, அருகில் எழும் அதிர்வையும் ஒலியையும் கேட்கலாம். ஆனால் வழக்கமாக, வழியில் மங்கும் ஒளியை வலுப்படுத்தும் முதல் ஒளிபெருக்கி வரைதான் கேட்க முடியும். சிதறித் திரும்பும் ஒளி அதைத் தாண்டி வராது. அந்த எல்லை எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஒரு விடியற்காலையில், 31ஆவது கிலோமீட்டரில் கப்பல் எந்திரத்தின் ஒலி திரையில் கூடாரம்போல் விரிந்தது. அது தினமும் பார்ப்பது. அதன் ஓரத்தில் விட்டுவிட்டுச் சில வெள்ளைக் கீற்றுகள் விழுந்தன. நங்கூரம் தரையில் தட்டித் தட்டி இழுபடுகிறது! கப்பலின் வேகமும் காரணமின்றிக் குறைந்திருந்தது. கப்பல்களை அழைக்கும் பொது வானொலி அலைவரிசையான வி.எச்.எஃப். 16ஆம் சேனலில் அழைத்தோம். முதல் அழைப்புக்குப் பதில் இல்லை, மூன்றாவதற்கு வந்தது. நங்கூரம் நழுவியதே அவர்களுக்குத் தெரியாது. சில நிமிடங்களில் சங்கிலி ஏறும் கடகடப்பு இழையில் பதிவானது. அதை ஒலியாக மாற்றி வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.