கவுன்சில்ல அடல்ட் சோஷியல் கேர் டைரக்டர் போஸ்ட்டுக்கு ஆள் எடுக்கற இன்டர்வியூ – உங்க அனுபவத்த சொல்லுங்க

திருச்சி_டூ_மிட்லண்ட்ஸ்:

இங்கிலாந்துல ஒரு கவுன்சில் (நம்மூரு மாநகராட்சி மாதிரி உள்ளாட்சி) எச்ஆர்ல இருக்கேன், பெரிய போஸ்ட்டுக்கு ஆள் எடுக்கறதுதான் கொஞ்ச வருஷமா என் வேலை. வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்க, மனநலப் பிரச்சனை உள்ளவங்க இவங்க எல்லாருக்குமான கேர் மொத்தத்துக்கும் பொறுப்பான டைரக்டர் போஸ்ட் ஒண்ணு இருக்கு, டைரக்டர் ஆஃப் அடல்ட் சோஷியல் சர்வீசஸ், சுருக்கமா டாஸ்னு சொல்லுவாங்க. நம்ம ஆளுங்க இங்க சோஷியல் ஒர்க்கர், நர்ஸ், கேரர்னு எவ்வளவோ பேர் இருக்கீங்க, ஆனா அந்த நாற்காலில யார உக்கார வைக்கறாங்க எப்படி உக்கார வைக்கறாங்கன்னு யாரும் பேசி நான் பாத்ததில்ல, அதான் நானே ஆரம்பிச்சுடறேன்.

இந்தப் போஸ்ட் வேணாம்னு எந்தக் கவுன்சிலும் முடிவு பண்ண முடியாது, கவுன்சில் சோஷியல் சர்வீசஸ் பத்தின 1970 சட்டத்துலயே இருக்கு. முன்னாடி சோஷியல் சர்வீசஸ் டைரக்டர்னு ஒருத்தர்தான், 2004 சில்ட்ரன் ஆக்ட் வந்தப்புறம் குழந்தைங்களுக்குத் தனி ஆளு, பெரியவங்களுக்குத் தனி ஆளுன்னு பிரிஞ்சுது. இந்தப் பொறுப்பு இருக்கற கவுன்சில் இங்கிலாந்து முழுக்க 153தான். ஒருத்தர் ரிட்டயர் ஆனா இன்னொரு கவுன்சில்லேர்ந்து ஒருத்தர் வருவாரு, அப்ப அங்க காலி ஆகும். பெரிய போஸ்ட்டுக்கு ஆள் தேடிக் குடுக்கற ஹெட்ஹன்டர் போன் பண்றதும் திரும்பத் திரும்ப அதே ஆளுங்களுக்குத்தான். ஆள் கிடைக்கலன்னா இன்டரிம்னு தற்காலிகமா ஒருத்தர நாள் கணக்குல காசு குடுத்து கூட்டிட்டு வருவாங்க, அவரு ஊரப் புரிஞ்சுக்கறதுக்குள்ள கான்ட்ராக்ட் முடிஞ்சிரும்.

ஆள செலக்ட் பண்றது எச்ஆர்னு நிறைய பேரு நினைக்கறாங்க, இல்லவே இல்ல. தேர்தல்ல ஜெயிச்சு வந்த கவுன்சிலர்ங்க பேனல்தான் பொதுவா முடிவு பண்ணும், அவங்க சரின்னு சொன்னாலும் கவுன்சில நடத்தற கவுன்சிலர்ங்க குழு, அதான் கேபினெட், அதுல இருக்கறவங்களுக்குப் பேர அனுப்பி ஆட்சேபனை இருக்கான்னு கேட்டு அந்தக் கெடு முடிஞ்சாதான் ஆஃபரே குடுக்க முடியும்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். முன்னாடி நான் இருந்த ஒரு கவுன்சில்ல ஃபைனல் பேனலுக்கு முந்தின நாள் கேர் வாங்கறவங்க, வீட்ல பாத்துக்கறவங்க எல்லாம் சேர்ந்து கேண்டிடேட்டோட பேசற பேனல் ஒண்ணு வெச்சோம். அதுல ஒரு அம்மா, வீட்டுக்காரருக்கு டிமென்ஷியா, இவங்கதான் ராப்பகலா பாத்துக்கறாங்க, வந்தவங்க எல்லார்கிட்டயும் ஒரே கேள்விதான் கேட்டாங்க: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வரவேண்டிய கேரர் வரல, நான் யாருக்குப் போன் பண்ணணும்?"

ஒருத்தர் டிரான்ஸ்ஃபர்மேஷன், டிஜிட்டல் ஃப்ரன்ட் டோர்னு ரொம்ப நேரம் பேசினாரு, அந்த அம்மா எழுதறதுக்குப் பேனாவ எடுத்தவங்க திரும்ப மூடி வெச்சுட்டாங்க. இன்னொரு லேடி நேரா பதில் சொன்னாங்க, முதல்ல ஏஜென்சியோட ஆன்கால் நம்பர், எடுக்கலன்னா கவுன்சிலோட எமர்ஜென்சி டியூட்டி டீம், ஆனா இது உங்க கேர் பிளான்லயே எழுதியிருக்கணும், எழுதியிருக்காங்களா? இல்லன்னாங்க அந்த அம்மா. உடனே அடுத்த கேள்வி, வீட்ல பாத்துக்கற உங்களுக்கு என்ன உதவி வேணும்னு பாக்கற கேரர் அசெஸ்மென்ட் தனியா பண்ணாங்களா, 2014 கேர் ஆக்ட்படி பாத்துக்கறவங்களுக்கும் அது உரிமையாச்சேன்னு. அந்த ரூம்ல இருந்த அத்தன பேருக்கும் அங்கயே தெரிஞ்சு போச்சு யாரு வேணும்னு.

மறுநாள் கவுன்சிலர் பேனலுக்கு இந்தக் கூட்டம் சொன்னதெல்லாம் நாலு வரிக் குறிப்பா போச்சு, எடுத்தது அந்த டிரான்ஸ்ஃபர்மேஷன் ஆள. ஒரு வருஷம்கூட முழுசா இருக்கல, வேற இடத்துக்குக் கிளம்பிட்டாரு, திரும்ப இன்டரிம். எனக்கு இன்னைக்கும் அது ஆறல. கேர்ல வாழறவங்க சொன்ன மார்க்குக்கு வெயிட்டேஜ் இல்லன்னா அவங்கள எதுக்குக் கூப்பிடணும்? இப்ப நான் இருக்கற இடத்துல அந்த மாதிரி பேனல்ல இருந்த ஒருத்தர் நேர்ல வந்து கவுன்சிலர்ங்க முன்னாடி அவங்க வாயால சொல்லணும், அதுக்கப்புறம்தான் ஃபைனல் இன்டர்வியூ. போராடித்தான் கொண்டு வந்தேன்.

யாழ்_அக்கா_லண்டன்:

தம்பி, நல்ல விசயம் தொடங்கியிருக்கிறீர். நான் மற்றப் பக்கத்தில இருந்து சொல்லுறன். கனகாலம் சோசல் வேர்க்கரா இருந்து, பிறகு ரீம் மனேஜராகி, அசிஸ்ரன்ட் டிரெக்டர் வேலைக்கு அப்ளை பண்ணின ஆள் நான். டாஸ் வேலைக்கு வாற கனபேர் இந்த வழியாத்தான் வரீனம், அந்தப் படியிலயே ஆக்களை வளர்க்காட்டி பிறகு ஆள் இல்லை ஆள் இல்லை எண்டு அழுது என்ன பிரயோசனம்.

இன்ரவியூ எண்டா அவை எங்களைப் பார்க்கிறது மட்டும் இல்லை, நாங்களும் அவையைப் பார்க்க வேணும். நான் போற இடமெல்லாம் ஒண்டு கேப்பன், உங்கட டோல்ஸ் கியூ எவ்வளவு நீளம் எண்டு. தெரியாத ஆக்களுக்கு: தானா முடிவெடுக்க ஏலாத ஒராளை கேர் ஹோமில எந்த நேரமும் மேற்பார்வையில வைச்சு, வெளியில போகவும் விடாமல் இருந்தா அது அவையின்ர சுதந்திரத்தைப் பறிக்கிறது, அதுக்குக் கவுன்சில் சட்டப்படி அனுமதி குடுக்க வேணும், அந்த அனுமதிக்குக் காத்திருக்கிற வரிசைதான் டோல்ஸ் கியூ. 2014ல சுப்ரீம் கோர்ட்டின்ர செஷயர் வெஸ்ற் தீர்ப்பு இந்த அனுமதி தேவைப்படுற ஆக்களின்ர வட்டத்தைப் பெரிசாக்கின பிறகு விண்ணப்பம் மலை மாதிரிக் குவிஞ்சு போச்சு, எல்லா இடத்திலயும் தேக்கம்தான். தேக்கம் இருக்கிறது எனக்குப் பிரச்சினை இல்லை, அதை மறைக்கிறதுதான் பிரச்சினை.

ஒரு இடத்தில இந்தக் கேள்வியைக் கேட்டவுடன பேனலில இருந்தவை ஆளை ஆள் பார்த்திச்சினம், பிறகு மெயிலில அனுப்புறம் எண்டிச்சினம், இண்டைக்கு வரைக்கும் வரேல்ல. வேறொரு கவுன்சிலில, காசுக்குப் பொறுப்பான ஒஃபிசர் தானே வந்து லப்டொப்பைத் திறந்து, இந்தா இவ்வளவு பேர் காத்திருக்கினம், ஆகப் பழைய கேஸ் இது, இந்த வருசம் பட்ஜெட்டில இந்த இடத்தில துண்டு விழுது எண்டு காட்டினவர். நான் அந்த வேலையைத்தான் எடுத்தனான். கேரின்ர தரத்தைப் பார்க்கிற கண்காணிப்பு அமைப்பு சிக்யூசி இப்ப 2022 சட்டத்துக்குப் பிறகு கவுன்சில்களையும் வந்து பார்த்து ரேற்றிங் போடுது, அப்ப எல்லாம் வெளியில வரத்தானே போகுது, வாற ஆளிட்ட முதலே சொன்னா என்ன குறைஞ்சு போகும்.

இன்னொண்டும் சொல்ல வேணும். நான் வேலை செய்த இடங்களில வீடு வீடாப் போய்க் குளிப்பாட்டிச் சாப்பாடு குடுக்கிற ஆக்களில பாதிக்கு மேல எங்கட மாதிரி வெளிநாட்டில இருந்து வந்த ஆக்கள், மேல போகப் போக அந்த முகங்கள் இல்லாமல் போகும். பிள்ளையள் ஆராவது சோசல் வேர்க்கில இருந்தா அடுத்த படிக்கு அப்ளை பண்ணுங்கோ, கூச்சப்படாதேங்கோ, ஃபோம் நிரப்ப நான் உதவி செய்யிறன்.

ஈஸ்ட்ஹாம்_மகன்:

அக்கா, எச்ஆர் அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. நான் வேலை செய்றவன் இல்ல, எங்கம்மாவுக்கு ஸ்ட்ரோக், கவுன்சில் கேர்ல இருக்காங்க. இந்த மாதிரி ஒரு பேனல்ல என்னையும் உக்கார வெச்சாங்க. போனதும் கையில ஒரு பேப்பர் குடுத்து இந்தக் கேள்வி மட்டும்தான் கேக்கணும்னு சொல்லிட்டாங்க, எல்லா கேண்டிடேட்டுக்கும் ஒரே கேள்வி இருந்தாத்தான் நியாயம்னு, அது சரிதான், ஆனா அந்தக் கேள்விய எழுதறதுக்காவது எங்கள ஒரு வாரம் முன்னாடி கூப்பிட்டிருக்கலாம்ல.

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். எனக்கு வந்த பேப்பர்ல "பன்முகத்தன்மையை எப்படி மதிப்பீங்க"ன்னு ஒரு கேள்வி, எல்லாரும் நல்லா பதில் சொன்னாங்க, அதுக்கு யாருதான் கெட்ட பதில் சொல்லப் போறாங்க. ஒருத்தர் மட்டும் பேச்ச நிறுத்திட்டு என்னப் பாத்து, உங்க அம்மாவ குளிப்பாட்டும்போது அவங்க கூட யாரு பேசறாங்கன்னு கேட்டாரு. எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. யாரும் பேசறது இல்லீங்க, அவங்க கண்ண மூடிக்குவாங்கன்னு சொன்னேன். டைரக்ட் பேமென்ட் பத்தி சொன்னாங்களான்னு கேட்டாரு, கவுன்சில் குடுக்கற காச நாமளே வாங்கி தமிழ் பேசற ஆள வேலைக்கு வெச்சுக்கலாம், ஆனா ஒரே வீட்ல இருக்கற நெருங்கின சொந்தத்த வைக்கணும்னா அது அவசியம்னு கவுன்சில் ஒத்துக்கிட்டாத்தான் முடியும்னு விளக்கமா சொன்னாரு. அதுவரைக்கும் எங்க வீட்டுக்கு அசெஸ்மென்ட்டுக்கு வந்த யாரும் எங்களுக்குப் புரியற மாதிரி இத சொன்னதே இல்ல.

அவருக்குத்தான் நிறைய மார்க் போட்டேன். அப்புறம் என்ன ஆச்சு, யாரு வந்தாங்கன்னு ஒருத்தரும் சொல்லல, ரொம்ப நாள் கழிச்சு கவுன்சில் வெப்சைட்ல வேற பேரு பாத்தேன். ஏன் அவர எடுக்கலன்னு காரணம் இருக்கலாம், அத எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? டைரக்ட் பேமென்ட் மட்டும் அப்ளை பண்ணி வாங்கிட்டேன், இப்ப காரைக்குடிப் பக்கத்து அக்கா ஒருத்தவங்க காலைல வர்றாங்க, அம்மா அவங்ககிட்ட ஊர்க்கத பேசிக்கிட்டே குளிக்கறாங்க.

திருச்சி_டூ_மிட்லண்ட்ஸ்:

தம்பி, முடிவு வந்ததும் பேனல்ல உக்காந்த எல்லாருக்கும் போன் பண்ணி சொல்றத எங்க கவுன்சில்ல கட்டாயமாக்க நான் எழுதிக் குடுக்கறேன், கேள்விய முன்கூட்டியே அவங்களோட உக்காந்து எழுதறதயும் சேர்த்து. அக்கா, டோல்ஸ் கியூ, வெயிட்டிங் லிஸ்ட், பட்ஜெட் ஓட்டை இதெல்லாம் கேண்டிடேட்டுக்கு போஸ்ட்டப் பத்தி முன்னாடியே அனுப்பற பேப்பர்ங்கள்லயே போடலாமான்னு எங்க மேல இருக்கறவங்ககிட்ட கேக்கப் போறேன், நீங்க அந்த லேப்டாப்ல பாத்த மாதிரி என்னென்ன நம்பர் இருந்தா உங்களுக்குப் போதும்னு கொஞ்சம் எழுதுங்க. கவுன்சிலரா இருக்கற தமிழங்க யாராவது படிச்சா அந்த ஃபைனல் பேனலுக்குள்ள உண்மையா என்ன பேசுவீங்கன்னும் சொல்லுங்க.