இரண்டரை வயது லாப்ரடோர் விளையாட்டைக் குறைத்துவிட்டது: வயதா, வருத்தமா?

கேள்வி (உப்புவெளி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் லாப்ரடோர் கலப்பு ஆண் நாய்க்கு இப்போது இரண்டரை வயது. ஒரு வயதில் அதன் துள்ளலுக்கு ஈடுகொடுக்க முடியாது. திருகோணமலை பிரட்ரிக் கோட்டைப் பக்கம் மேயும் புள்ளிமான்களைக் கண்டால் கயிற்றோடு என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும். சில மாதங்களாகப் பந்தை எறிந்தால் இரண்டு மூன்று தடவைதான் எடுத்து வருகிறது. பிறகு அதை முன்னங்கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு படுத்துவிடுகிறது. பகலில் குசினி வாசலில், குளிர்ந்த சீமெந்துத் தரையில் உறங்குகிறது. சாப்பாட்டில் குறையில்லை. சென்ற வருடம் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தோம். அதனால்தான் சோர்ந்துவிட்டது என்று அம்மா சொல்கிறார். இது வயதுக்குரிய மாற்றமா, வைத்தியரிடம் காட்ட வேண்டியதா?

பதில் (உவர்மலை)

தம்பி, நீங்கள் விவரிப்பதில் பெரும்பகுதி வயதுக்குரியதாகவே தெரிகிறது. சிறிய இன நாய்கள் ஏறத்தாழ ஒரு வயதிலேயே முதிர்ந்துவிடும். லாப்ரடோர் போன்ற பெரிய இனங்களில் குட்டித்தனம் இரண்டு, சில வேளைகளில் மூன்று வயது வரையும் நீடித்து, அதன் பிறகே மெல்ல அடங்கும். முன்பு காற்றில் ஆடும் இலையைக்கூடத் துரத்திய நாய், வளர்ந்த பின் எது ஓடிப் பிடிக்கத் தக்கது என்று தெரிவுசெய்யத் தொடங்குகிறது. வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதி நேரத்தை உறக்கத்தில் கழிப்பதும் வழமையே.

அம்மா சொல்லும் காரணத்தை நான் முழுமையாக ஏற்கமாட்டேன். அந்தச் சிகிச்சை பெரும்பாலும் நாய் முதிரும் பருவத்திலேயே செய்யப்படுவதால், வயது செய்த வேலைக்கும் பழி சிகிச்சையின் மேல் விழுகிறது. ஆனால் அதன் பிறகு உடலுக்குத் தேவையான உணவின் அளவு குறைகிறது. பழைய அளவிலேயே சோறும் மீனும் போட்டால் நாய் பருத்து, பருத்ததாலேயே மந்தமாகும். விலாப்புறத்தைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். கச்சான் என்னும் வறண்ட, சூடான காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஊர் வெயிலில் எந்த நாயும் பகலில் பந்தின் பின்னால் ஓடாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பதில் (கன்னியா)

மேலே எழுதியவர் சொன்னது சரி. ஆயினும் மெதுவாக வந்த மாற்றம் என்பதால் மட்டும் நோயில்லை என்று முடிவுகட்ட முடியாது. உண்ணிகளால் பரவும் காய்ச்சல்களில் ஒன்றான எர்லிக்கியா, தொடக்கக் காய்ச்சல் தணிந்த பின் மாதக்கணக்கில் உடலுக்குள் மறைந்திருந்து, சோர்வு, எடை குறைதல், மூக்கில் இரத்தம் வடிதல் என்று பின்னர் வெளிப்படக்கூடியது. உண்ணிகளால் பரவும் மற்றொரு கிருமியான பபேசியா செங்குருதிக் கலங்களை அழிப்பதால் முரசு வெளிறும். கொழுக்கிப் புழுவும் இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும்.

ஆகவே மேலுதட்டை உயர்த்தி முரசின் நிறத்தைப் பாருங்கள். வெயில் தாழ்ந்த பின் கயிற்றைக் கையிலெடுங்கள்: முதிர்ந்த நாய் பந்தைப் புறக்கணித்தாலும் உலா என்றால் எழுந்து வாசலுக்கு வரும், நோயுற்ற நாய்க்கு அதற்கும் மனம் வராது. எழும்போது பின்னங்கால் விறைத்திருந்தாலோ, ஓடும்போது இரு பின்னங்கால்களையும் முயல் போல ஒன்றாக வைத்தாலோ இடுப்பு மூட்டைப் பரிசோதிக்க வேண்டும். லாப்ரடோர்களுக்கு அந்தக் குறைபாடு வருவதுண்டு. வீட்டிலுள்ள பரசிற்றமோலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கான வலி மருந்துகள் நாய்க்கு நஞ்சாகலாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. முரசு இளஞ்சிவப்பாக இருக்கிறது. மாலையில் கயிற்றைக் கண்டதும் வாலாட்டிக்கொண்டு எழுந்துவிட்டது. ஆனால் காது மடலின் உட்புறத்திலும் விரல்களுக்கிடையிலும் உண்ணிகள் இருந்தன. மண்ணெண்ணெய் பூசினால் விழுந்துவிடும் என்று அயலவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில் (கன்னியா)

பூச வேண்டாம். தோலைப் புண்ணாக்கும், நாய் நக்கினால் உள்ளேயும் போகும். சாமணத்தால் தோலோடு ஒட்டிய இடத்தில் பிடித்து நேராக இழுத்தெடுங்கள், விரலால் நசுக்காதீர்கள். இந்த உண்ணி சுவர் வெடிப்புகளில் முட்டையிடுவதால், நாய்க்கு மருந்து போட்டு வீட்டை விட்டுவிட்டால் மீண்டும் ஏறும். உண்ணி இருந்த நாய் என்பதால் அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோய், குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையும் தெரியும்படி முழு இரத்தப் பரிசோதனை ஒன்றைச் செய்வியுங்கள். அது குறைந்திருந்தால் எர்லிக்கியாவை நினைத்து மேலும் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் பந்தை விட்டுவிட்டு, அந்தி நேரத்தில் அது மோந்து பார்த்து மெதுவாக நடக்கும்படி நீண்ட உலா கூட்டிச் செல்லுங்கள். அந்த வயது நாய்க்கு அதுவே போதிய பயிற்சி.