வலப்பக்க வளைவில் பிரேக் மிதித்தால் மட்டும் உரசல்: பேரிங்கா, பிரேக்கா?

ஏற்காடு_இறக்கம்:
வணக்கம். என்னுடையது 2015ஆம் ஆண்டு வாங்கிய, முன்சக்கர இழுவை கொண்ட சிறிய பெட்ரோல் கார். 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளில் வலப்பக்கம் திரும்புகிறவற்றில் மட்டும், பிரேக்கை மிதித்த நொடியில் இடது முன்சக்கரத்திலிருந்து தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுப்பது போல ‘கர்ர்ர்’ என்று உரசல் கேட்கிறது. நேர்சாலையில் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சத்தமில்லை. மிதிக்காமல் திரும்பினாலும் இல்லை. ஜூன் மாதம் ஒரு பட்டறையில் முன்பக்க பிரேக் பேட்களை மாற்றினேன். இரண்டே வாரத்தில் இது தொடங்கியது. இப்போது அவர்களே இரண்டு பக்கமும் வீல் பேரிங் மாற்ற வேண்டும் என்கிறார்கள். பேட் மாற்றியபோது செய்த தவறைப் பேரிங்கின் தலையில் கட்டுகிறார்களோ என்பதுதான் என் ஐயம்.

பழைய_பட்டறை:
அவர்கள் சொல்வதில் தவறில்லை. வண்டி வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. பிரேக் மிதிக்கும்போது பின்பக்கத்துப் பாரமும் முன்னால் வருகிறது. இரண்டும் சேரும் அந்த நொடியில் நான்கு சக்கரங்களிலும் அதிகம் சுமப்பது இடது முன்சக்கரம்தான். அதன் பேரிங்கில் மயிரிழை ஆட்டம் இருந்தால்கூட, ஹப்போடு (சக்கரம் பொருத்தப்படும் நடுப்பகுதி) சேர்ந்து டிஸ்க்கும் (பேட்கள் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடு) சாய்ந்து, பின்னால் இருக்கும் தகரத் தட்டில் போய் உரசும். பிரேக்கும் வளைவும் தனித்தனியாகத் தராத சத்தத்தை, சேர்ந்து தருவதற்கு இதைவிட நேரான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அளவுகோல்:
மறுக்கிறேன். தேய்ந்த பேரிங் வளைவு வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்காது. நேர்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே, தூரத்தில் விமானம் பறப்பது போன்ற ஒரு முனகல் தொடங்கி, வேகத்தோடு சேர்ந்து ஏறும். கியரை மாற்றினாலும் அது மாறாது. அப்படியொரு சத்தத்தை இவர் சொல்லவேயில்லை. பேட் மாற்றிய இரண்டாம் வாரம் வந்த கோளாறு என்றால், கை வைத்த இடத்தை முதலில் பார்ப்பதுதானே முறை? பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் நகரும் கைடு பின் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா, உள்பக்கப் பேட் மட்டும் வெளிப்பக்கத்தைவிட வேகமாகத் தேய்கிறதா, காலிப்பரைக் கழற்றும்போது ஸ்க்ரூடிரைவர் பட்டு அந்தத் தகரத் தட்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினாலே வளைகிற தகடு அது. இதையெல்லாம் விட்டுவிட்டு பேரிங்குக்குத் தாவுவது செலவை ஏற்றும் வழி.

பழைய_பட்டறை:
தட்டு மட்டும் வளைந்திருந்தால் மிதிக்காமல் திரும்பும்போதும் உரசும். கைடு பின் இறுகியிருந்தால் நேர்சாலையில் வண்டி ஒருபக்கம் இழுக்கும், அந்தச் சக்கரம் மற்றதைவிடச் சூடாகும், தீய்ந்த வாடை வரும். இவர் சொன்ன அறிகுறிகளில் இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா?

வாடகை_வண்டி:
நான் இதே மலையில் வாரத்துக்கு நான்கைந்து முறை ஏறி இறங்குகிறவன். உங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது. வளைவு முடிந்து நேரான பிறகு, அடுத்த முறை பிரேக்கை மிதிக்கும்போது மிதி வழக்கத்தைவிடக் கீழே போய், இரண்டாம் மிதிக்குப் பழைய உயரத்துக்கு வந்துவிடுகிறதா? டிஸ்க் சாய்ந்தால் அது பேட்களைப் பின்னுக்குத் தள்ளிவிடும். தள்ளப்பட்ட பேட் மறுபடியும் டிஸ்க்கைத் தொடுவதற்குள் முதல் மிதி வீணாகிறது. இதைச் சொன்னால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

ஏற்காடு_இறக்கம்:
நீங்கள் கேட்ட பிறகு நேற்று கவனித்துப் பார்த்தேன். ஆம், முதல் மிதி ஒரு விரற்கடை ஆழமாகப் போகிறது. பிரேக்கில் காற்று புகுந்திருக்கும் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அளவுகோல்:
காற்று புகுந்திருந்தால் நேர்சாலையிலும் மிதி பஞ்சாக இருக்கும். வளைவுக்குப் பிறகு மட்டும் இருக்காது. ஆகவே ஆட்டம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கே? காலிப்பரும் ஹப்பும் ஒரே நக்கிளில்தான் (சக்கரத்துக்குப் பின்னால் அவற்றைத் தாங்கும் இரும்புப் பாகம்) பொருத்தப்பட்டிருக்கின்றன. நக்கிளைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயிண்ட் ஆடினால் இரண்டும் சேர்ந்தே ஆடும். பேட் பின்னுக்குப் போகாது. எனவே ஆட்டம் நக்கிளுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் இருக்க வேண்டும். அங்கே பேரிங் மட்டும் இல்லை, அதை இறுக்கிப் பிடிக்கிற ஆக்சில் நட்டும் இருக்கிறது. ஜூன் மாதம் பேட் தவிர வேறு ஏதாவது வேலை நடந்ததா?

ஏற்காடு_இறக்கம்:
இடது டிரைவ் ஷாஃப்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) ரப்பர் பூட், அதாவது உறை, கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தது. அன்றே அதையும் மாற்றினார்கள். அது தனி வேலை என்று நினைத்ததால் எழுதவில்லை.

அளவுகோல்:
அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். ஷாஃப்டை உருவ வேண்டுமானால் ஆக்சில் நட்டைக் கழற்றியாக வேண்டும்.

வாடகை_வண்டி:
மலை இறங்குவதை நிறுத்திவிட்டு, சமதரையில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டின் மேல் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து, ஒரு கை இழுக்க மறுகை தள்ள ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் அது ஹப் பக்கத்துக் கோளாறு, ஏனெனில் பேட்கள் டிஸ்க்கை நக்கிளோடு சேர்த்துப் பூட்டிவிடுகின்றன. மிதித்த பிறகும் ஆடினால் பால் ஜாயிண்ட் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். அடுத்து, நியூட்ரலில் ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறுகை விரல்களைச் சஸ்பென்ஷன் சுருள்வில்லின் மேல் வையுங்கள். பேரிங் கெட்டிருந்தால் காதுக்குக் கேட்காத சொரசொரப்பு அந்த வில்லில் விரலுக்குத் தெரியும்.

ஏற்காடு_இறக்கம்:
தம்பியை உள்ளே உட்கார வைத்துச் செய்தேன். இடது சக்கரம் ‘டக் டக்’ என்று ஆடியது. அவன் மிதித்ததும் கல் போல நின்றுவிட்டது. வலது சக்கரத்தில் ஆட்டமே இல்லை. பிறகு வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஆக்சில் நட் சாதாரண ஸ்பேனருக்கே கால் சுற்றுக்கு மேல் திரும்பியதை என் கண்ணால் பார்த்தேன். தட்டின் விளிம்பில் நிலாப்பிறை போல ஒரு பளபளப்பான கீறல் இருந்தது.

அளவுகோல்:
இரண்டு பேரிங்குக்குப் பணம் கேட்ட இடத்தில் காரணம் ஒரு நட். நட்டை இறுக்கிவிட்டு ஓட்டலாம்.

பழைய_பட்டறை:
அங்கேதான் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். இவ்வகை வண்டிகளில் ஹப்புக்குள் இருப்பது இரட்டை வரிசைப் பேரிங். அதன் இரண்டு உள்வளையங்களையும் நெருக்கிப் பிடிப்பதே அந்த நட்டின் இறுக்கம். தளர்ந்த நட்டோடு இத்தனை வாரம் மலை இறங்கிய பிறகு குண்டுகள் ஓடும் பாதை முழுதாக இருக்கும் என்று எப்படி நம்புவது? நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் அந்த வண்டிக்குரிய அளவுக்கு இறுக்கிய பிறகு சுழற்றிப் பாருங்கள். சொரசொரத்தால் பேரிங் போய்விட்டது. எதுவானாலும் பழைய நட்டைத் திரும்பப் போட வேண்டாம். ஒருமுறை கழற்றியதும் புதிது போடச் சொல்லும் வகை அது.

ஏற்காடு_இறக்கம்:
இறுக்கியதும் ஆட்டம் போய்விட்டது. ஆனால் வில்லில் வைத்த விரலுக்கு மெல்லிய நறநறப்பு தெரிந்தது. இடது பேரிங்கையும் நட்டையும் மாற்றிவிட்டேன். நேற்று அடிவாரம் வரை இறங்கினேன். எந்த வளைவிலும் உரசல் இல்லை, மிதியும் ஒரே உயரத்தில் நிற்கிறது. வலது பேரிங்கை என்ன செய்வது?

பழைய_பட்டறை:
அதுவும் அதே 82,000 கிலோமீட்டர் ஓடியதுதான். நானாக இருந்தால் சேர்த்தே மாற்றியிருப்பேன்.

அளவுகோல்:
பேட்களை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும், மாற்றுக்கருத்தில்லை. பேரிங்குக்கு அந்த விதி கிடையாது. சத்தமும் ஆட்டமும் இல்லாததை எதற்காகப் பிரஸ்ஸில் வைத்துப் பிடுங்குவது?