ஊசி முதல்ல, ஸ்கேன் அப்புறம்

குழு: மேலவீதி சொந்தங்கள்

[இரவு 8:52] திவ்யா: அத்தை, நாளைக்கு யூனிட்ல மெனிஞ்சைட்டிஸ் (மூளை உறை அழற்சி) டிஸ்கஷன். காய்ச்சல், கழுத்து விறைப்பு, ஜி.சி.எஸ் (நினைவு மட்ட மார்க், முழுசா 15) 12. சி.டி ஸ்கேனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்னு வச்சுக்கோங்க. எல்.பி (முதுகுல ஊசி குத்தி தண்டுவட நீர் எடுக்கறது) பண்ணாம ஆன்டிபயாடிக் போட்டா கல்ச்சர் (கிருமிய வளத்துப் பாக்கற டெஸ்ட்) போயிடும்ல?

[8:54] மீனாட்சி அத்தை: போனா போகட்டும்டி. ரெண்டு செட் பிளட் கல்ச்சர் எடுத்துட்டு மருந்த ஏத்து. உள்ள வந்து 1 மணி நேரத்துக்குள்ள முதல் டோஸ் போயிருக்கணும்.

[8:55] மீனாட்சி அத்தை: அப்படியொண்ணும் எல்லாமே போயிடாது. இத உண்டாக்கற கிருமிகள்ல மெனிங்கோகாக்கஸ் 2 மணி நேரத்துல தண்டுவட நீர்ல செத்துடும், நியூமோகாக்கஸ் 4 மணி நேரம் போலத்தான் குறைய ஆரம்பிக்கும். செல் கவுன்ட், புரோட்டீன், சர்க்கரை அதுக்கப்புறமும் காட்டிக் குடுத்துடும்.

[8:57] திவ்யா: ஜி.சி.எஸ் 12க்கு சி.டி கட்டாயமா?

[8:59] மீனாட்சி அத்தை: ஊருக்கு ஊர் வேற. 2016 ஐரோப்பிய வழிகாட்டியில 10க்குக் கீழ, புது ஃபிட்ஸ், கை கால் பலவீனம், எதிர்ப்பு சக்தி ரொம்ப கம்மி, இவங்களுக்குத்தான். சுவீடன்ல 2009லயே மயக்கத்த அந்த லிஸ்ட்லேர்ந்து தூக்கிட்டாங்க. அப்புறம் மருந்தும் சீக்கிரம் ஏறுச்சு, சாவும் குறைஞ்சுது. கனடால 2005ல வந்த ஆய்வுல, 6 மணி நேரம் தாண்டி மருந்து போனவங்க சாகற ஆட்ஸ் (சாத்திய விகிதம்) 8 மடங்குக்கு மேல. தாமதத்துக்குப் பெரிய காரணம் ‘சி.டி, எல்.பி, அப்புறம்தான் மருந்து’ங்கிற வரிசை.

[9:03] முருகன் சித்தப்பா: பார்மசி பக்கம் நான் சொல்றேன் திவ்யா. பெரியவங்களுக்கு டெக்ஸாமெத்தசோன் (அழற்சிய அடக்கற ஸ்டீராய்டு) 10 மி.கி முதல்ல, இல்லேன்னா கூடவே. அடுத்து முக்கியமான ஆன்டிபயாடிக் செஃப்ட்ரையாக்ஸோன் 2 கிராம், 100 மில்லி நார்மல் சலைன்ல, அரை மணி நேரம். இன்னொரு ஆன்டிபயாடிக் வான்கோமைசின் அதுக்கப்புறம்தான். அது ஏறவே 1 மணி நேரத்துக்கு மேல ஆகும், அத முதல்ல மாட்டிட்டா முக்கியமான மருந்து வெளியவே நிக்கும்.

[9:04] முருகன் சித்தப்பா: அதே லைன்ல ரிங்கர் லாக்டேட் (கால்சியம் இருக்கற டிரிப்) கூடாது. கால்சியம் சேர்ந்தா வெள்ளையா படிஞ்சிடும். பச்சக் குழந்தைன்னா செஃபோடாக்ஸிம். 50 வயசு தாண்டினா ஆம்பிசிலின் 2 கிராம் 4 மணிக்கொரு தடவை சேரும்மா. லிஸ்டீரியாங்கிற கிருமி செஃப்ட்ரையாக்ஸோனுக்கு அசையவே அசையாது.

[9:08] பெரியப்பா: நான் போட்ட பால் கணக்கு எங்கயோ மேல போயிடுச்சு. சரி, ஒண்ணு கேக்கறேன். மருந்துதான் கிருமியக் கொன்னுடுதே, அப்புறமும் ஏன் ஆளு போயிடறாங்க?

[9:13] மீனாட்சி அத்தை: சரியான கேள்விண்ணா. கிருமி செத்து உடையறப்ப அதோட சுவர்த் துண்டெல்லாம் நீர்ல கொட்டும். அதப் பாத்து நம்ம உடம்பே கொந்தளிச்சுடும். மூளை வீங்கும், மண்டை ஓடு விரியாது, அழுத்தம் தாங்காம மூளைத்தண்டு கீழ நசுங்கும், மூச்சு நின்னுடும். ரத்தக் குழாய் அழற்சியில அடைச்சு பக்கவாதம் வரலாம். நீர் வழி அடைச்சா மூளைக்குள்ள நீர் தேங்கற ஹைட்ரோகெஃபலஸ். விடாத ஃபிட்ஸ் தனி.

[9:15] மீனாட்சி அத்தை: மெனிங்கோகாக்கஸ்ல பெரும்பாலும் மூளைக்கு முன்னாடி ஷாக் (ரத்த அழுத்தம் சரியறது) கொண்டு போயிடும், சிறுநீரகத்து மேல இருக்கற அட்ரினல் சுரப்பில ரத்தம் கசியும். நெதர்லாந்துல பாத்ததுல இளவயசுக்காரங்க மூளை வீக்கத்துலயும், வயசானவங்க நிமோனியா, இதயம் மூச்சு செயலிழப்புலயும் போனாங்க. டெத் சர்டிபிகேட்ல வெறும் ‘மெனிஞ்சைட்டிஸ்’னு எழுதினா இதெல்லாம் மறைஞ்சிடும்.

[9:18] திவ்யா: அதுக்குத்தான் டெக்ஸா! 2002 டிரையல்ல சாவு 15 சதவீதத்துலேர்ந்து 7. நியூமோகாக்கஸ்ல 34லேர்ந்து 14.

[9:20] மீனாட்சி அத்தை: ஆமா. ஆனா மலாவில பெரியவங்களுக்குப் பலன் தெரியல. அங்க 10 பேர்ல 9 பேருக்கு எச்.ஐ.வி. மறந்துட்டா ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சு 4 மணி நேரம் வரைக்கும் போடலாம்னு ஐரோப்பாக்காரங்க சொல்றாங்க. 6 மணிக்கொரு தடவை, 4 நாள். லிஸ்டீரியான்னு தெரிஞ்சா டெக்ஸாவ நிறுத்திடு.

[9:22] திவ்யா: வேற ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணா?

[9:23] மீனாட்சி அத்தை: ஆம்புலன்ஸ்ல ஏத்துறதுக்கு முன்னாடியே முதல் டோஸ். மருந்து, அளவு, மணி மூணையும் சீட்டுல எழுது. செஃப்ட்ரையாக்ஸோன் 12 மணிக்கொரு தடவை, மணி தெரியலேன்னா அடுத்த டோஸ அங்க குழப்பிடுவாங்க.