6 பேர் தேவை, இன்னும் 4 பேர் கிடைக்கவில்லை

மலர்: எல்லோருக்கும் வணக்கம். ஒரு உதவி வேண்டும். முடக்குவாதம் உள்ளவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? டாக்டர்கள் ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் என்பார்களே, அது. 6 பேர் வேண்டும். மூன்று வாரமாகத் தேடி 2 பேர்தான் கிடைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் பேச வேண்டும், அவ்வளவுதான்.

பெரியப்பா: என்னம்மா, மருந்துச் சோதனையா? புது மருந்தைக் கொடுத்து யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது?

மலர்: மருந்து கிடையாது பெரியப்பா. ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதும் இல்லை. மருந்து ஆய்வுகளில் வலி எப்படி இருக்கிறது, களைப்பு எப்படி இருக்கிறது என்று நோயாளிகளே நிரப்பித் தரும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. அதைத் தமிழில் கொண்டு வந்திருக்கிறோம். ஆய்வு தொடங்கும் முன் அந்தத் தமிழ் நோயாளிக்குப் புரிகிறதா என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். காக்னிட்டிவ் டீபிரீஃபிங் என்பார்கள்.

கதிர்: அக்கா, ஒரு தமிழாசிரியரிடம் காட்டித் திருத்தி வாங்கினால் போதாதா? இதற்காக ஏன் நோயாளிகளைத் தேட வேண்டும்?

மலர்: அதெல்லாம் முடிந்துவிட்டது தம்பி. இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்த்தார்கள். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினோம். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திருப்பி ஆங்கிலமாக்கினார். எல்லாம் பொருந்தியது. இத்தனைக்குப் பிறகும் தப்பு நிற்கும்.

முன்பு வேறொரு தாளில் நடந்ததைச் சொல்கிறேன். ‘காலை எழுந்ததும் மூட்டுகளில் விறைப்பு இருந்ததா?’ என்று ஒரு கேள்வி. இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. நான் பேட்டி எடுத்த ஒரு அம்மா ‘இல்லை’ என்று குறித்தார். நான் பேசாமல் அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். ஆனால் எங்கள் வேலையே நிறுத்திக் கேட்பதுதான். ‘விறைப்பு என்றால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்’ என்றேன். ‘மரத்துப்போவதுதானே? எனக்கு மரத்துப்போகாது. காலையில் விரல் என் பேச்சைக் கேட்காது. வெயில் ஏறிய பிறகுதான் கேட்கும்’ என்றார். சொல்லிக்கொண்டே கையை மடக்கிக் காட்டினார். பாதிதான் மடங்கியது.

அந்த நோயின் முக்கியமான அறிகுறியே அதுதான். அவருக்கு அது நிறையவே இருந்தது. தாளில் மட்டும் ‘இல்லை’.

கதிர்: அப்படியென்றால் அந்த மருந்து வேலை செய்கிறதா என்பதே தப்பாகப் போய்விடும், இல்லையா?

மலர்: ஆமாம். ‘விரல்களை மடக்கவும் நீட்டவும் முடியாதபடி பிடித்துக்கொள்வது’ என்று மாற்றினோம். அடுத்து வந்தவர்கள் யாரும் அந்தக் கேள்வியில் தயங்கவில்லை.

இது தமிழுக்கு மட்டும் வரும் தொல்லை இல்லை. உலகம் முழுக்கப் பயன்படும் எஸ்எஃப்-36 என்ற உடல்நலக் கேள்வித்தாளில் ‘ஒரு பிளாக் நடக்க முடிகிறதா’ என்று அமெரிக்காவில் கேட்பார்கள். தெருக்கள் கட்டம் கட்டமாக இருக்கும் இடத்தில்தான் அது ஒரு தூரம். வேறு பல நாடுகளுக்குப் போனபோது மீட்டர் கணக்காக மாற்ற வேண்டி வந்தது.

சுந்தரி சித்தி: எனக்கே முழங்கால் வலி மூன்று வருடமாக இருக்கிறது. நான் வரட்டுமா மலர்?

மலர்: சித்தி, உங்களுடையது மூட்டுத் தேய்மானம். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வேறு நோய். இந்தத் தாள் முடக்குவாதக்காரர்களுக்கானது. அவர்களுக்குக் காலையில் அந்தப் பிடிப்பு அரை மணி, ஒரு மணி என்று நீளும். டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் பேட்டிக்கே கூப்பிடுவோம். அப்புறம், நீங்கள் என் சித்தி. நான் எழுதியதில் குறை சொல்ல உங்களுக்கு மனசு வராது.

வசந்தி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மலர்: அத்தை, நீக்கியதற்கு நன்றி. நீங்கள் நல்ல மனசோடுதான் போட்டீர்கள். ஆனால் ஒருவருடைய பெயரும் நம்பரும் நோயும் அவருக்கே தெரியாமல் 40 பேர் இருக்கும் குழுவில் வரக் கூடாது. நோயை வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். நானும் அந்த நம்பரைக் குறித்து வைக்கவில்லை. முதலில் அவரிடம் நீங்கள் பேசுங்கள். விருப்பம் இருந்தால் அவரே என்னைக் கூப்பிடட்டும்.

வசந்தி அத்தை: சரிம்மா, எனக்குத் தோன்றவில்லை. இன்று மாலை பார்க்கும்போது கேட்கிறேன். என்ன சொல்லிக் கேட்பது?

மலர்: ஆய்வுகளைச் சரிபார்க்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த அரைப்பக்கத் தாள் ஒன்று உண்டு. உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். அதை அப்படியே கொடுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ‘இதில் சேர்ந்தால் நல்ல டாக்டர் கிடைப்பார்’ என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அப்படி ஒன்றும் கிடைக்காது. வந்துபோகும் செலவும், செலவழித்த நேரத்துக்கு ஒரு சிறு தொகையும் தருவார்கள். பிடிக்காவிட்டால் நடுவில் எழுந்து போகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம்.

அண்ணன்: என் நண்பனின் அம்மாவுக்கு இந்த நோய் இருக்கிறது. ஓய்வு பெற்ற பேராசிரியர். கணீரென்று பேசுவார். உனக்கு அருமையாக இருக்கும்.

மலர்: கேட்டுப் பாருங்கள் அண்ணா, ஒருவர் அப்படி இருக்கலாம். ஆனால் எனக்குக் கிடைத்த 2 பேருமே பட்டதாரிகள். டாக்டர்கள் அனுப்புவதும், நோயாளிகள் சங்கம் அனுப்புவதும் பெரும்பாலும் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களைத்தான். அவர்கள் கடினமான சொல்லையும் ஊகித்துத் தாண்டிவிடுவார்கள். கேள்வி எங்கே இடறுகிறது என்பது தெரியாமலே போய்விடும்.

ஐஸ்போர் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2005-இல் வெளியிட்ட வழிகாட்டி இப்படிப்பட்ட பேட்டிக்கு 5 முதல் 8 பேர் போதும் என்கிறது. எண்ணிக்கை இவ்வளவு குறைவு என்பதால்தான் யார் அந்த 6 பேர் என்பதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். வயதில் மூத்தவர், இளையவர், ஆண், பெண், குறைவாகப் படித்தவர் எல்லோரும் அதற்குள் வர வேண்டும். பெண்களுக்கு இந்த நோய் அதிகம், அதனால் ஆண்கள் கிடைப்பதும் கஷ்டம்.

பெரியப்பா: நான் காலை நடைக்குப் போகும்போது பார்ப்பேனே, அவருடைய மனைவிக்குப் பல வருடமாக இது இருக்கிறது. பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அந்த அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால்தான் சொல்லத் தயங்கினேன்.

மலர்: பெரியப்பா, நான் தேடுவதே அவரைப் போன்றவரைத்தான். மெதுவாகப் படிக்கட்டும். புரியவில்லை என்று அவர் சொன்னால் தப்பு எங்களுடையது. ‘இது பரீட்சை இல்லை’ என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரியப்பா: மகன்தான் எப்போதும் கூட வருவான். டாக்டர் கேட்டாலும் அவன்தான் பதில் சொல்வான்.

மலர்: கூட்டி வரட்டும், ஆனால் பேட்டி முடியும்வரை வெளியே இருக்க வேண்டும். மகன் பக்கத்தில் இருந்தால் அம்மா அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். கண்ணாடியை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை 9 மணிக்கு வைத்துக்கொள்ளலாமா?

பெரியப்பா: மகனிடம் நான் பேசிக்கொள்கிறேன். காலையில் வேண்டாம் மலர். அந்த அம்மாவுக்கும் அந்நேரம் விரல் பேச்சைக் கேட்காது, பேனாவைப் பிடிக்கச் சிரமப்படுவார். அவர் சம்மதித்தால் மதியம் 3 மணிக்கு வை.

மலர்: சரி பெரியப்பா, 3 மணி. மற்றவர்களுக்கும் இனி மதியத்துக்கு மேலேயே நேரம் கொடுக்கிறேன்.